கோகிலாவுக்குப் படையல்

ஜனவரி 1

உரக்கடைக்காரர் ஒருவர் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி இது. அவர் எழுதுகிற ரகம் இல்லை. டிராக்டர் உதிரி பாகம் விற்கிற கடையில் பில் போடவே தனி ஆள் வைத்திருக்கிறார். அதனால் என்னிடம் வந்து சேர்ந்தது. இந்த வீட்டில் எனக்கு வந்ததெல்லாம் இன்னொருவருக்கென்று வந்து மிஞ்சியதுதான்.

மன்னார்குடியிலிருந்து திண்டிவனத்துக்குக் கட்டிக்கொண்டு வந்து பத்து மாதம் ஆகிறது. என் பெயர் தாட்சாயணி, வயது முப்பத்தாறு. அவர் பெயர் ஏழுமலை. அவருடைய முதல் மனைவி கோகிலா இரண்டு வருஷம் முன்பு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். விட்டுப் போனது இரண்டு: ஹரிணிக்கு ஆறு வயது, லோகித்துக்கு மூன்று. இரண்டும் என்னைச் சித்தி என்று கூப்பிடுகின்றன. கோகிலா கூடத்தில் படமாக இருக்கிறாள். அவளுக்கு இரவும் பகலும் ஒரு சிவப்பு பல்பு எரிகிறது. சமையலறை பல்பு போய் ஒரு வாரம் ஆகிறது, அதை மாற்ற ஆளில்லை.

ஜனவரி 3

தை பிறந்ததும் லோகித்துக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். தாய் இறந்ததால் தள்ளிப்போன காரியம். அதற்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டுமாம். இதைச் சொல்ல அவருடைய அக்கா மங்கை அண்ணி பஸ் ஏறி வந்திருந்தார். எங்கள் பக்கம் இந்த வழக்கம் கிடையாது, யார் அந்தப் பூவாடைக்காரி என்று கேட்டேன்.

"நம்ம கோகிலாதான். சுமங்கலியா போனவ இல்ல? தண்ணித் தொறையிலேர்ந்து அவளக் கூப்ட்டு வந்து, பொடவ வெச்சு, அவளுக்குப் புடிச்சதெல்லாம் ஆக்கிப் படைச்சாதான் வூட்ல நல்ல காரியம் நடக்கும். இல்லன்னா கோச்சுக்குவா."

"உயிரோட இருக்கறவ கோச்சுக்கிட்டா அண்ணி?"

"உனுக்கு எப்பவும் குத்தலு" என்று காப்பியை ஆற்றிக் குடித்தார்.

ஆக, என் புருஷனின் முதல் பெண்டாட்டிக்குப் பிடித்ததை எல்லாம் என் கையால் சமைத்து, விழுந்து கும்பிட வேண்டும். போன ஜென்மத்தில் நான் யாருக்கு என்ன செய்தேனோ தெரியவில்லை.

ஜனவரி 7

லோகித்தைக் குளிப்பாட்டும்போது சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது. "ம்மா, கண்ணு எரியுது" என்றான். கதவருகே நின்ற ஹரிணி உடனே, "அம்மா இல்லடா. சித்தி. சொல்லு, சித்தி" என்றாள். சொல்கிற வரைக்கும் விடவில்லை. அவன் அழுதுகொண்டே சொன்னான்.

சரிதான். எனக்கும் அதுதான் சௌகரியம். அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் அம்மா மாதிரி நடந்துகொள்ள வேண்டும். பத்து மாதச் சம்பளமில்லாத வேலைக்கு இந்தப் பட்டம் வேறா?

ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். அவர் அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

ஜனவரி 14

பொங்கல். கோகிலாவின் தங்கை சசிரேகா ஓசூரிலிருந்து வந்து இறங்கினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. புருஷன் ஏதோ கம்பெனியில் பெரிய வேலை. வந்ததும் செருப்பைக் கூடச் சரியாக விடாமல் படத்துக்கு முன்னால் நின்று ஒரு மூச்சு அழுதாள். நடுவில் ஒரு தரம் திரும்பி யார் பார்க்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

பிள்ளைகளுக்கு இரண்டு பெட்டி நிறையத் துணியும் பொம்மையும். அவளும் சித்திதான். அவள் ரேகா சித்தி, நான் வெறும் சித்தி.

நான் வைத்த பொங்கலை ஹரிணி ஒரு வாய் தின்றுவிட்டு, "எங்கம்மா வெச்சா இன்னும் இனிப்பா இருக்கும்" என்றாள். சசிரேகா அவளைக் கட்டிக்கொண்டு இன்னொரு மூச்சு அழுதாள். பொங்கல் பானையை நான்தான் தேய்த்தேன், அடிப்பிடித்திருந்தது.

ஜனவரி 16

காணும் பொங்கலுக்குப் புதுச்சேரி கடற்கரை. வாடகைக் கார். நான் முன்சீட்டில் உட்காரவில்லை. அது சசிரேகாவுக்கு, அவளுக்குத் தலை சுற்றுமாம்.

கடற்கரை முழுக்க ஊர் திரண்டிருந்தது. நாலு ஜோடிச் செருப்பு, புளிசாதத் தூக்கு, தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் மாற்றுத்துணி எல்லாம் என் கையில். சசிரேகாவின் கையில் செல்போன். லோகித்தை ராட்டினத்தில் ஏற்றிப் படம் பிடிக்க வேண்டுமென்று தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்தப் பையனுக்குச் சத்தம் ஆகாது. குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்துவான். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது, துப்பாக்கியால் பலூன் சுடுகிற கடை வேறு. பையன் மூச்சுப் பிடித்து நீலமாகிற வரைக்கும் அழுதான். "ஏன் அழறான், பசியா?" என்று கேட்கிறாள் அம்மாவாகவும் சித்தியாகவும் இருக்க வந்தவள். நான் வாங்கி இரண்டு காதையும் முந்தானையால் மூடி, மணற்பக்கமாகக் கூட்டிப் போனேன். பொம்மையைக் கூடச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடுக்குவார்கள்.

ஹரிணிக்கு ஒண்ணுக்கு வந்தது. சசிரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு வந்து என் காதில் சொன்னாள். ரேகா சித்தியிடம் சொல்ல வெட்கமாம். என்னிடம் வெட்கமில்லை. வேலைக்காரியிடம் யார் வெட்கப்படுவார்கள்?

திரும்பும்போது லோகித் காரில் வாந்தி எடுத்தான். என் உள்ளங்கையில்தான் பிடித்தேன். அவள் கட்டியிருந்தது பட்டுப்புடவை.

ஜனவரி 17

இரண்டு பேருக்கும் இருமல். யார் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம் என்று எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 18

விஷயம் வெளியே வந்துவிட்டது. காப்பி குடித்து முடித்த டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு சசிரேகா அவரிடம் கேட்டாள்.

"மாமா, காதுகுத்து முடிஞ்சதும் ரெண்டு பேரையும் நான் ஓசூருக்குக் கூட்டிக்கினு போறேன். நல்ல ஸ்கூல் இருக்குது. எங்க வீட்டுக்காரரு சரின்னுட்டாரு. அக்கா பெத்ததுங்கள நான் வளக்காம யாரு வளக்கறது?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் உங்களுக்குன்னு ஒண்ணு பெத்துக்கலாங்க்கா. இதுங்க இருந்தா உங்களுக்குத் தொல்லதான" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு எதையும் யாராவது முடிவு செய்து கொடுக்க வேண்டும்.

"தாராளமாக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றேன்.

"காதுகுத்து முடியட்டும், பேசிக்கலாம்" என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

போகட்டும். எனக்குப் பேன் சீவுகிற வேலை இல்லை. காலையில் ஒருத்திக்கு தோசை, ஒருவனுக்கு இட்லி என்று தட்டு மாற்றுகிற வேலை இல்லை. மத்தியானம் தூங்கலாம். நான் என்ன அழுதுகொண்டா இருக்கப் போகிறேன்?

ஜனவரி 22

ஹரிணியின் பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்கப் போவதாக அவர் சொன்னார். நடு வருஷத்தில் டி.சி. வாங்கினால் பிள்ளை என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

"நீதான தாராளமான்னு சொன்ன."

"நான் சொன்னா? இந்த வீட்ல உப்பு எங்க இருக்குன்னு கேட்டாக்கூட நான் சொன்னா எடுபடாது. இது மட்டும் எடுபட்டுப் போச்சா? நீங்க வேணாம்னு சொல்லுங்க. பெத்தவரு நீங்க."

"எப்படி சொல்றது தாட்சா? அவங்க பொறந்த வூட்டு சனம். கோகிலா இருந்தா அவளும் தங்கச்சிகிட்டதான குடுத்திருப்பா." சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தார். எது கேட்டாலும் அந்தப் படத்தைப் பார்க்கிறார். படம் என்றைக்குப் பதில் சொல்லியிருக்கிறது?

பிள்ளைகள் போனால் சித்திக் கொடுமையால் துரத்திவிட்டாள் என்று ஊர் பேசும். என் பெயர் கெடும். அதனால்தான் சொன்னேன், வேறொன்றும் இல்லை.

ஜனவரி 25

புடவைக்கடை. மயில்கழுத்து நிறம்தான் கோகிலாவுக்குப் பிடிக்குமாம், கடையைப் புரட்டிப் போட்டு எடுத்தார்கள். படைத்த பிறகு அதை வீட்டு மருமகள் கட்ட வேண்டும் என்றார் அண்ணி. கூடப் பிறந்தவள் கட்டினால்தான் அக்கா மனம் குளிரும் என்றாள் சசிரேகா. வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். இதில் நான் வாயே திறக்கவில்லை, அதுவும் குற்றமானது.

சசிரேகா ஹரிணியின் பள்ளிக்கூடப் பையைக்கூடத் தன் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். இன்னும் டி.சி. வாங்கவில்லை, பள்ளிக்கூடம் இருக்கிறது.

ஜனவரி 27

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் நானே வேறு மாதிரி நம்பிவிடுவேன்.

காலையிலிருந்து சமையல். கொழுக்கட்டை, வடை, பாயசம், கோகிலாவுக்கு உயிரான முருங்கைக்காய்க் காரக்குழம்பு. ருசி பார்க்கக் கூடாது, முதல் வாய் அவளுக்கு. சாயங்காலம் பம்பைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஊர்க்கோடிக் கிணற்றில் தண்ணீர் மொண்டு, செம்புக்குப் பூச்சுற்றி, அண்ணி தலையில் வைத்துக் கொண்டுவந்தார். கூடத்தில் வாழையிலை மேல் செம்பு, பக்கத்தில் புடவை, வளையல், மஞ்சள், குங்குமம். உறவு எல்லாம் சுவரோரம். லோகித் பம்பைச் சத்தத்துக்குப் பயந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பெரிய பம்பைக்காரர் பாட்டாகவே கூப்பிட்டார். பிறந்த வீட்டு சனம் காத்திருக்கு, புகுந்த வீட்டு சனம் காத்திருக்கு, பூவாடைக்காரி வந்து இறங்கு என்று. இரண்டாம் தரம் கூப்பிட்டபோது சசிரேகாவின் உடம்பு குலுங்கியது. கொண்டை அவிழ்ந்தது. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"யாரும்மா வந்திருக்கறது?" அண்ணி கேட்டார்.

"கோகிலா வந்திருக்கேன்."

"இன்னாம்மா கொற உனுக்கு?"

"எம் புள்ளைங்க மாத்தாந்தாய் கையில வாடுதுங்களே. எந் தங்கச்சி கையில குடுங்க. குடுத்தாதான் நான் மலையேறுவேன்."

அவர் இரண்டு கையையும் கூப்பினார். கன்னத்தில் கண்ணீர். "சரி கோகிலா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். சாமி முன்னால் சொன்ன சொல்லை இந்த ஜனங்கள் மாற்றமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். அந்தச் 'சரி' வெளியே வந்தால் நாளன்றைக்கு இரண்டும் ஓசூர் பஸ்ஸில் இருக்கும்.

எனக்கு அப்போது சாமி வரவில்லை. கோபம்தான் வந்தது. லோகித்தைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் தள்ளிவிட்டு, தலைமுடியை நானே பிரித்துவிட்டேன்.

"யாரு எம் பேரச் சொல்லிக் கேக்கறது?" என்றேன். அண்ணி பேசுவதைப் பத்து மாதமாகக் கேட்டிருக்கிறேனே, இந்த ஊர்ப் பேச்சு தானாக வந்தது. "நான் இங்க நின்னுகினு இருக்கேன். அவ யாரு?"

பம்பை நின்றது. ஒருத்தியே இரண்டு பேர் மேல் எப்படி வருவாள் என்று ஒரு கிழவர் கேட்டார். பம்பைக்காரர் அதற்கெல்லாம் அசரவில்லை. "கையில கற்பூரம் ஏத்துங்க. மெய்யா வந்தவள சுடாது" என்றார்.

முதலில் சசிரேகாவிடம் நீட்டினார்கள். அவள் ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. கண்கள் கற்பூரத்தின் மேலேயே இருந்தன. கையை நீட்டவில்லை. நான் வலக்கையை நீட்டினேன், பம்பைக்காரர் வைத்து ஏற்றினார்.

சுட்டது. சுடாமல் என்ன செய்யும்? பல்லைக் கடித்தால் முகம் காட்டிக்கொடுக்கும் என்று அந்த வலியைத் தூக்கிப் பேச்சில் போட்டேன். "எம் புள்ளைங்க இந்த வாசப்படி தாண்டக் கூடாது. ரெண்டையும் நான் இவ கையிலதான் குடுத்திருக்கேன். இவளுக்கு வாயி நீளம். ஆனா எம் புள்ளைங்க பசிச்சுப் படுத்ததில்ல." என்னை நானே புகழ வேண்டியிருந்தது. வேறு யாரும் புகழப் போவதில்லை.

அண்ணி முகத்தில் இன்னும் சந்தேகம் இருந்தது. அப்போதுதான் அதைச் சொன்னேன். "எங்க என் மொச்சக்கொட்ட?"

ஹரிணிக்குத் தலை பின்னும்போது மட்டும் அவள் அம்மா அப்படிக் கூப்பிடுவாளாம். வேறு யாருக்கும் தெரியாது. ஒருநாள் நான் பின்னிவிடும்போது சொன்னாள், யார்கிட்டயும் சொல்லாதீங்க சித்தி என்று. நான் இந்த டைரியில் கூட எழுதவில்லை.

அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த ஹரிணி, "அம்மா" என்று ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கையிலிருந்த கற்பூரம் கீழே விழுந்தது. "எங்கம்மா போன, எங்கம்மா போன" என்று வயிற்றில் முட்டி முட்டிக் கேட்டாள். கூடத்தில் அழாதவர்கள் இல்லை. சசிரேகா கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். அவர் தரையில் விழுந்து கும்பிட்டு, "இங்கியே இருக்கட்டும் கோகிலா, எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்றார்.

வேலை முடிந்தது. மலையேற வேண்டும். ஹரிணியின் பிடியை மூன்று பெண்கள் சேர்ந்து பிரித்தார்கள். நான் கீழே சரிந்து, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "என்னாச்சு?" என்றேன். ஹரிணி குனிந்து என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஜனவரி 28

உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் அளவு கொப்புளம். மெய்யாக வந்தவளைச் சுடாது என்பதால் இதை யாருக்கும் காட்ட முடியாது. கையை மூடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன், துணி துவைத்தேன். அண்ணி புதுப்புடவையைக் கட்டச் சொன்னார், கட்டிக்கொண்டேன்.

இந்தப் பத்து மாதத்தில் முதல் தடவையாக அவர் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பயபக்தியாக, இரண்டு கையாலும். எனக்கு இல்லை அது, கோகிலாவுக்கு.

ஜனவரி 29

காதுகுத்து கோயிலில் நன்றாக நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து லோகித் ஊரைக் கூட்டினான். மொட்டைத் தலையில் சந்தனம் தடவினதும் ஆளே மாறிப்போனான்.

சசிரேகா அங்கிருந்தே ஓசூருக்குக் கிளம்பினாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தாள். மூடியிருந்த என் வலக்கையைத் தேடி எடுத்துப் பிடித்தாள். பிடித்த பிடியில் கொப்புளம் உடைந்தது.

"ரொம்ப வலிக்குதாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு வலிக்கலயா?" என்றேன்.

அவள் காரில் ஏறினாள். ஒன்பது வருஷம் வெறுங்கையோடு இருந்தவள், வெறுங்கையோடு போகிறாள். அவள் மேல் எனக்கு இரக்கம் இல்லை. இருந்தாலும் பிள்ளைகளைக் கொடுக்கப் போவதில்லை.

பிப்ரவரி 3

எதிர்வீட்டுக்காரி வெற்றிலைபாக்கோடு வந்து, மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கோகிலாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். கோகிலா ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஹரிணி தினமும் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் வெங்காயம் நறுக்கினாலும் துணி மடித்தாலும் என் முகத்தையே பார்க்கிறாள். ஏதாவது வேண்டுமா என்றால் இல்லையென்று தலையாட்டுகிறாள். ஆனால் நான் தும்மினாலும் நிமிர்ந்து உட்காருகிறாள்.

பிப்ரவரி 8

அவர் கடையில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹரிணி கதவைத் தாழ் போட்டுவிட்டு என்னைக் கூடத்தில் உட்காரச் சொன்னாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்றேன்.

"ரெண்டு நிமிசம் சித்தி."

உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தாள். இரண்டு பிஸ்கட், ஒரு செம்பருத்திப் பூ, டம்ளரில் தண்ணீர். என் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். லோகித் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்துத் தட்டினான், அவன்தான் பம்பைக்காரன்.

"கண்ண மூடிக்கோங்க சித்தி. நீங்க கொஞ்ச நேரம் எங்கனா போயிட்டு வாங்க. அம்மா வரட்டும்."

அத்தனையும் நடிப்புடி என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் அப்பாவிடம் சொல்வாள், அப்பா அக்காவிடம் சொல்வார், மறுநாளே ஓசூரிலிருந்து சசிரேகா பெட்டியோடு வந்து நிற்பாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா?"

"ம்."

மடியில் வந்து உட்கார்ந்தாள். இந்தப் பதினோரு மாதத்தில் அவள் தானாக என் மடியில் உட்கார்ந்ததில்லை. "மொச்சக்கொட்டன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். தலையைத் தடவச் சொன்னாள். தடவினேன். பிறகு என் காதோடு வாயை வைத்து ரகசியமாகப் பேசினாள்.

"அம்மா, சித்தி நல்லவங்கதாம்மா. திட்டுவாங்க, ஆனா அடிக்க மாட்டாங்க. லோகித்துக்கு காது புண்ணுக்கு தெனம் எண்ண வெக்கறாங்க. ஆனா நீயே இங்க இருந்துடும்மா. சித்தி வர வேணாம்."

செத்தவள் மேல் இவ்வளவு பொறாமை வரும் என்று நான் நினைத்ததில்லை. அழுகை வந்தது. அழுதால் சித்தி என்று தெரிந்துவிடும்.

"சரி" என்றேன், கோகிலாவாக.

அவள் கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. அதை இறக்கி வைக்க சித்திதான் எழுந்து போக வேண்டும். நான் கண்ணைத் திறக்கவில்லை.